வட்டம் வரைதல்

பள்ளிக்கூடம் மூடும்வரை
ஆறாம் வகுப்புக்கு வடிவியல் எடுத்தேன்.
மையத்திலிருந்து ஒரே தூரத்தில் நிற்கும்
புள்ளிகளெல்லாம் சேர்ந்தது வட்டம் என்று
சுண்ணக்கட்டியில் கயிறு கட்டிச் சுற்றியவள்.

காய்ச்சல் வந்த பிறகு
ஆய்வுக் குழு என்னை எடுத்துக்கொண்டது.
கினியின் காட்டுப் பக்கம்,
கிசி மொழி பேசுகிற ஆள் வேண்டும்,
பேர் எழுதத் தெரிந்தால் போதும் என்றார்கள்.
இப்போதும் வட்டம்தான் வரைகிறேன்.
நடுவில் ஒரு நோயாளி.
சுற்றிலும் அவரைத் தொட்டவர்கள்.

இந்த வட்டம் கோணலாகத்தான் வருகிறது.
வாந்தி துடைத்தவள் உள்ளே.
மோட்டார் சைக்கிளில் அவரைத் தன் முதுகோடு கட்டி
ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் உள்ளே.
ஒரே தட்டில் சோறு தின்ற நாலு பிள்ளைகள்.
ஒட்டிய சுவர்க்காரி, நாலு வருஷமாகப் பேச்சு இல்லை,
வெளியே.
ஆற்றுக்கு அக்கரையில் ஒருத்தி,
யாருக்கும் தெரியாமல் இரவில் வந்து போனவள்,
உள்ளே.
தன் பேரைச் சொல்ல
அவளுக்கு மூன்று நாள் பிடித்தது.
பென்சிலில் எழுதினேன்,
புருஷன் எட்டிப் பார்த்தால் அழிக்க.

எங்களில் பேரே கணக்குச் சொல்லும்.
மூத்தவன் சா. அடுத்தவன் தம்பா. மூன்றாமவன் ஃபாயா.
நான் மூன்றாம் மகள், ஃபின்டா.
வெலாடூவில் ஒருவன் ஃபாயா என்றதும்
கேட்காமல் இருக்க முடியவில்லை:
முதல் இருவர்?
மாமரத்துக்கு அப்பால் தாடையால் காட்டினான்.
புது மண். மழை இன்னும் அமுக்கவில்லை.

பட்டியல் முடிந்தால் சிக்னல் தேட வேண்டும்.
கரையான் புற்றின் மேல் ஏறி நின்றால்
இரண்டு கோடு கிடைக்கும்.
வட்டத்தின் எண்ணை அனுப்புவேன்.
எங்கோ ஒரு கணினி சீட்டுக் குலுக்கும்.
பதில் இரண்டில் ஒன்று:
இன்றே.
அல்லது
இருபத்தோரு நாள் கழித்து.

ஓடைக்கு இந்தப் பக்கம் சென்கோரோவுக்கு
இன்றே என்று வந்தது.
பெட்டியைத் திறந்ததும்
கொஞ்சம் பனிமூட்டம் தரையில் விழுந்தது.
பிள்ளைகள் அதைக் கையில் பிடிக்கப் பார்த்தார்கள்.

வெலாடூவுக்கு மற்றது.

மனப்பாடம் செய்ததை ஃபாயாவிடம் சொன்னேன்.
இந்த மருந்து வேலை செய்யுமா, யாருக்கும் தெரியாது.
கெடுதலும் செய்யலாம்.
தெரிந்துகொள்ளத்தான்
சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால்.
உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.
காது கொடுத்துக் கேட்டான். பிறகு,
"தெரியாது என்கிறாயே,
அப்புறம் ஏன் உன் முகம் செத்துக் கிடக்கிறது?"

எனக்கு நா எழவில்லை.

தினமும் போனேன்.
துப்பாக்கி மாதிரி நெற்றிக்கு நேரே நீட்டி
முப்பத்தாறரை, முப்பத்தாறரை, முப்பத்தேழு.
ஏழாம் நாள்
அவன் மனைவி கும்பாவுக்கு முப்பத்தொன்பது.
பதினோராம் நாள்
பென்சிலில் இருந்த பேரை
சிகிச்சை முகாமின் படிவத்தில்
பேனாவால் எழுத வேண்டியிருந்தது.
புருஷன் பக்கத்திலேயே நின்றான்.
எட்டிப் பார்க்கவில்லை.

தலைநகரில், குளிரூட்டிய ஓர் அறையில்
யாரோ இரண்டு பத்திகளை அருகருகே வைத்தார்கள்.
இடது பக்கம், பத்தாம் நாளுக்குப் பிறகு, பூஜ்யம்.
என் கயிற்றுக்கு ஒருபோதும் வராத
கோணலே இல்லாத வட்டம்.
வலது பக்கம் ஓர் எண்.
அந்த எண்ணுக்குள் இருப்பவர்களில்
ஒருத்திக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி,
சிரித்தால் கையால் மூடிக்கொள்வாள்.

இனிக் காத்திருப்பு இல்லை, எல்லோருக்கும் இன்றே,
என்று வந்த செய்தியை
புற்றின் மேல் நின்றுதான் படித்தேன்.
கீழே இறங்கச் சற்று நேரம் ஆயிற்று.

பெட்டியோடு போனபோது
ஃபாயா பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தான்.
"இருபத்தொன்று ஆகவில்லையே,"
விரல் மடக்கிக் காட்டினான். பதினாறு.
தெரிந்துவிட்டது, என்றேன்.
என்ன தெரிந்தது என்று அவன் கேட்கவில்லை.
எந்தக் கை என்று மட்டும் கேட்டான்.
வேலைக்கு வேண்டாத கை, என்றேன்.
மரம் ஏறுகிறவனுக்கு அப்படி ஒன்று உண்டா
என்று சொல்லிவிட்டு
கத்தியைக் கீழே வைத்து
இடது தோளைத் திருப்பினான்.